ஒரு கிழமைக்கென்று வந்த மாதா

ஸ்காபரோ, ரொறன்ரோ
உயிர்த்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை

சங்கைக்குரிய சீமோன் சுவாமி அவர்களுக்கு,

தோத்திரம். தங்கள் அண்ணன் அமிர்தநாதர் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் தங்கள் அண்ணி றோஸ்மேரியும், மகள் ஸ்டெபனியும், மருமகன் றிச்சர்ட்டும் சர்வேசுரன் கிருபையால் இங்கே சுகம் என்று எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்கும். அந்தச் சுகம் எவ்வளவு என்பதைக் கீழே படித்துவிட்டுத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளவும். தாங்களும், பங்கு மக்களும், தாங்கள் தங்கியிருக்கும் அறைவீட்டுக்குப் பின்னால் குரைத்துக்கொண்டே இருக்கும் அந்த நாயும் நலமென்று நம்புகிறேன்.

இதை ஏன் வாட்சப்பில் சொல்லக்கூடாது என்று தாங்கள் கேட்பீர்கள். வாட்சப்பில் நான் வாயைத் திறந்தால் றோஸ்மேரி பக்கத்தில் வந்து நின்று, அப்படி நடக்கவில்லை, நான் சொல்லுகிறேன் என்று போனை வாங்கிவிடுவாள். பிறகு நடந்தது வேறொன்றாகிவிடும். ஆகவேதான் கடிதம். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கும் தில்லையம்பலம் என்பவர் ஊர்க்கோயில் திருவிழாவுக்காகச் சனிக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் சைவக்காரர், அவர் வருகிறார் என்று மீன் வாங்கிவிட வேண்டாம்.

விஷயம் இதுதான். இங்கே தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமி குருமடத்தில் தங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர் என்று சொல்லியிருந்தீர்கள். அவருக்குத் தாங்கள் ஒரு வரி எழுத வேண்டும். எங்கள் வீட்டில் நிற்கும் மாதா சுருபத்தை யாராவது வந்து உடனடியாக எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். நானே அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அது உங்கள் குழுவின் காரியம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். மாதாவுக்கு எதிராக நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளவும். மாதா ஒரு குறையும் வைக்கவில்லை. மாதாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஆட்களைப் பற்றித்தான் இந்த முறைப்பாடு.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் வந்திறங்கியது போன புரட்டாதியில். ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். சீனி வந்துவிட்டதா என்று கேட்க வருகிறவன் மகளின் கலியாணப் பேச்சிலிருந்து மாட்டின் வயிற்றோட்டம் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போவான். அப்படி வாழ்ந்த மனுசனைக் கொண்டுவந்து ஏரிக்கரையோரம் ஒரு பெரிய அப்பார்ட்மென்றில் ஆறாம் மாடியில் வைத்தார்கள். யன்னலால் பார்த்தால் ஒன்ராறியோ ஏரி. கடல் மாதிரியே அக்கரை தெரியாது, அலையும் அடிக்கும், ஆனால் உப்பும் இல்லை, மணமும் இல்லை, வலை காயப்போடுகிற ஒரு மனிதனும் இல்லை. றோஸ்மேரி முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு, பத்தியக்காரருக்கு வைத்த கடல் போலக் கிடக்கிறது என்றாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

நான் விடவில்லை. மனுசரோடு பழகினால்தானே ஊர் ஊராகும் என்று லிப்றில் வருகிறவர்களோடு பேசத் தொடங்கினேன். நாங்கள் வழியில் கண்டவரிடம் முதலில் என்ன கேட்போம்? எங்கே போகிறீர்கள் என்றுதானே? அதையே இங்கிலீசில் ஒரு வெள்ளைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் மாடி வருமுன்னரே இறங்கி, படியால் நடந்து போனார். அடுத்த நாள் லிப்ற் கதவு திறந்தபோது உள்ளே என்னைக் கண்டு, கையை ஆட்டிவிட்டு, அடுத்த லிப்றுக்குக் காத்து நின்றார். சரி, வெள்ளைக்காரரை விடுவோம், தமிழரிடம் போவோம் என்று பார்த்தால், பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் ஒரு குடும்பம், கட்டாயம் ஒருநாள் வீட்டுக்கு வாங்கோ என்று என் கையைப் பிடித்துச் சொன்னது. நானும் றோஸ்மேரியும் அடுத்த ஞாயிறே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினோம். கதவைத் திறந்த பிள்ளை எங்களைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே இருந்த தாய் ஓடிவந்து, என் இரண்டு கையையும் பிடித்து, மெல்ல, "ஆர் அங்கிள்? ஆர் செத்தது?" என்று கேட்டார். இங்கே போன் பண்ணாமல் வீட்டுக்கு வருகிறதென்றால் அது செத்தவீடு சொல்லத்தானாம். ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்ததும் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது போலத் தெரிந்தது. ஆளுக்கு ஒரு கோப்பி தந்தார்கள், குடித்தோம், வந்தோம்.

அதற்குப் பிறகு றோஸ்மேரி வெளியே வரமாட்டேன் என்று இருந்துவிட்டாள். கலியாணவீட்டுச் சமையலுக்கு முன்னால் நிற்கிறவள், ஊரில் எந்த வளவுக்குள் யார் இருமினாலும் இன்னார் என்று சொல்கிறவள், யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த உப்பில்லாத தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் குசினிக்குள் யாருடனோ கதைக்கிற சத்தம் கேட்டது. ஆள் வந்திருக்கிறார் என்று வெறும்மேலோடு இருந்த நான் சேட்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால், உடுப்புத் தோய்க்கிற மெசினிடம், அவ்வளவு அவசரம் என்ன, ஆறுதலாகச் சுத்தன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சீமோன், போட்ட சேட்டோடே சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். ஸ்டெபனியிடம் சொல்லவில்லை. பிள்ளை வங்கியில் வேலை முடிந்து வரும்போது முகம் வாடித்தான் வருகிறது, அதற்கு மேல் இதையும் ஏற்றக்கூடாது. தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன் போல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

இந்த நிலைமையில்தான் விக்ரோறியா அன்ரி எங்களைக் கண்டுபிடித்தார். எங்கள் கரையோரத்து ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் சேர்ந்து இங்கே ஒரு செபமாலைக் குழு வைத்திருக்கின்றன. அவர்களுக்கென்று ஒரு மாதா சுருபம் இருக்கிறது. அது கிழமைக்கு ஒரு வீடாகப் போகும். போய் இறங்குகிற அன்று எல்லோரும் கூடிச் செபமாலை சொல்லி, சாப்பிட்டு, ஊர்க்கதை கதைத்துவிட்டுப் பிரிவார்கள். குழுவைத் தொடங்கியவர் மனுவேற்பிள்ளை என்ற ஓய்வுபெற்ற வாத்தியார். சாப்பாட்டுப் பொறுப்பு விக்ரோறியா அன்ரிக்கு. அடுத்த கிழமை மாதா எங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று அவர் கேட்டபோது றோஸ்மேரி எனக்கு முன்னால் ஓம் சொன்னாள். அவள் குரலில் அந்தப் பழைய சத்தத்தை நான் கேட்டது அன்றுதான், ஆகவே நானும் ஓம் சொன்னேன். அந்த ஓம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மாதா வந்தார். நெஞ்சளவு உயரம், நீலப் போர்வை, தலையைச் சுற்றிச் சின்னச் சின்ன பல்ப் வைத்த ஒளிவட்டம், அது பற்றரியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னும். வீட்டில் அந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் பொருந்திய இடம் ஒன்றே ஒன்றுதான். அது மருமகன் றிச்சர்ட் கணினியை வைத்து வேலை செய்கிற மேசை. ஒரு கிழமைதானே மாமா என்று அவரே தன் சாமான்களை ஒரு பக்கம் தள்ளிக் கொடுத்தார். தங்கமான மனுசன். அன்று பின்னேரம் நடைபாதை முழுக்கச் சப்பாத்து, வீடு முழுக்கச் சனம். செபமாலை சொன்னார்கள், பாடினார்கள், பிறகு சாப்பாடு. அதில் ஆட்டிறைச்சி றோல்ஸ். அப்படியொரு றோல்ஸை நான் இந்த நாட்டில் கண்டதில்லை. சாப்பாடு முடிந்தபின் வீட்டுக்காரன் என்ற முறையில் நன்றியுரை சொல்ல எழும்பினேன். சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்களில் என் நன்றியுரைக்காகவே ஆட்கள் கடைசி வரை இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

நான் சொன்னது மிகவும் நியாயமான ஒரு பேச்சு. போன கிழமை, முறை பார்க்க நான் போயிருந்த வீட்டில், விக்ரோறியா அன்ரி செய்த கட்லற் கொஞ்சம் இறுகிப் போயிருந்தாலும், இன்றைக்குத் திருமதி மனுவேற்பிள்ளை செய்த றோல்ஸ் அந்தக் குறையை நீக்கிவிட்டது என்று பாராட்டினேன். பிறகுதான் தெரிந்தது, றோல்ஸ் செய்தவர் விக்ரோறியா அன்ரி, கட்லற் செய்தவர் திருமதி மனுவேற்பிள்ளை. விக்ரோறியா அன்ரி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பி, மிகவும் அமைதியாக, "அண்ணை, கல்லு மாதிரி இருந்தது ஆரின்ர கட்லற் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும்," என்றார். திருமதி மனுவேற்பிள்ளையும் தன் கோப்பையைக் கீழே வைத்தார். ஒளிவட்டம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. நான் கல்லு என்ற சொல்லைப் பாவிக்கவேயில்லை, இறுகிப் போயிருந்தாலும் என்றுதான் சொன்னேன். றோஸ்மேரி இன்றுவரை அதை ஒத்துக்கொள்வதில்லை.

அடுத்த கிழமை மாதா மனுவேற்பிள்ளை வாத்தியார் வீட்டுக்குப் போக வேண்டிய முறை. விக்ரோறியா அன்ரி போன் பண்ணி, அந்த வீட்டு வாசற்படியைத் தானும் தன் பக்கத்து ஆட்களும் மிதிக்கமாட்டோம் என்றார். வாத்தியார் போன் பண்ணி, தன் மனைவியிடம் அவர் மன்னிப்புக் கேட்கும்வரை மாதாவை அழைக்கப்போவதில்லை என்றார். இரண்டு பேரும் கடைசியில் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: கொஞ்சநாளைக்கு உங்களோடு நிற்கட்டும். குழு இரண்டாக உடைந்து, இந்தப் பக்கம் ஒரு செபமாலை, அந்தப் பக்கம் ஒரு செபமாலை என்று படத்தை வைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மாதாவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. மழை போய்ப் பனி வந்தது, நத்தார்ப் பண்டிகை வந்து போனது, மாதா றிச்சர்ட்டின் மேசையிலேயே நின்றார்.

றிச்சர்ட்டின் பாடுதான் பெரும்பாடு. அவருடைய வேலை கணினித் திரையில் ஆட்களோடு பேசுகிற வேலை. பேசும்போது பின்னால் மாதா மின்னிக்கொண்டிருப்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மேலதிகாரி ஒரு சீனப் பெண்மணி. நத்தார் முடிந்து நாளாகியும் நீங்கள் மரத்தைக் கழற்றவில்லையா என்று கேட்டாராம். பற்றரியைக் கழற்றலாம் என்று பார்த்தால் அது மாதாவின் முதுகுக்குள் எங்கேயோ ஒட்டியிருந்தது. அவர் படுக்கையறைக்கு மாறினார். அங்கே ஸ்டெபனி வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில் இரண்டு பேரின் குரலும் மோதியது. கடைசியில் உடுப்பு மாட்டுகிற சின்ன அறைக்குள் ஒரு கதிரையைப் போட்டு, தலைக்கு மேல் சீலைகள் தொங்க, அங்கிருந்தே கம்பனியை நடத்தினார். ஒருநாளாவது முகத்தைச் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

இனித்தான் பெரிய சம்பவம். தையில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். ஸ்டெபனியும் றிச்சர்ட்டும் கடைக்குப் போயிருந்தார்கள். மாதா வீட்டில் நிற்கும்போது தூபம் போடாமல் இருப்பது மரியாதையில்லை என்று எனக்கு மனதில் பட்டது. கரி பற்றவைத்து, சாம்பிராணியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். நல்ல மணம். ஆனால் புகை போக வழியில்லை, யன்னலோ ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்காது. றோஸ்மேரி இருமத் தொடங்கியதும், பாவம் மனுசி என்று நடைபாதைப் பக்கத்துக் கதவை அகலத் திறந்துவிட்டேன். சீமோன், அதைத்தான் செய்யக்கூடாதாம். வீட்டுக்குள் புகைந்தால் அந்த வீட்டு மணி மட்டும்தான் அடிக்கும், நடைபாதைக்குப் புகை போனால் கட்டடம் முழுவதும் அடிக்கும். அடித்தது. ஒரு குரல் எல்லோரையும் படியால் இறங்கச் சொன்னது.

றோஸ்மேரி வெளிக்கிட்டுவிட்டாள். நான் மாதாவைப் பார்த்தேன். எரிகிற வீட்டில் மாதாவை விட்டுவிட்டு ஓடினான் என்று தங்கள் அண்ணனைப் பற்றி நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. எரியவில்லை என்பது எனக்குத் தெரியும்தான், ஆனால் மணி அடிக்கிற சத்தத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாரத்தோடு, றிச்சர்ட்டின் பழைய குளிர்க்கோட்டை மேலே போட்டுக்கொண்டு, மாதாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன். ஐந்தாம் மாடி வளைவில் என்னால் முடியவில்லை. அப்போது விபூதி பூசிய ஒரு மனுசர் கதவைத் திறந்து வந்தார். என்னைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார், குனிந்தார். "தலைப்பக்கத்தை நீங்கள் பிடியுங்கோ, நான் காலைப் பிடிக்கிறன்," என்றார். அவர்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற தில்லையம்பலம். ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக அவ்வளவு காலம் இருந்திருக்கிறோம், ஒருவரையொருவர் தெரியாது.

கீழே வாசல் மண்டபத்தில் முழுக் கட்டடமும் நின்றது. இரவுடுப்போடு ஆட்கள், தலை துவட்டாத ஆட்கள், பூனையைத் தூக்கியவர்கள், வெளியிலே கொட்டுகிற பனி. நாங்கள் மாதாவைத் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் நிறுத்தினோம். ஒளிவட்டம் தன்பாட்டுக்கு மின்னியது. தீயணைப்புக்காரர்கள் பெரிய சப்பாத்துகளோடு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் மாதாவைக் கண்டதும் நின்று, தலைக்கவசத்தைக் கழற்றி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் மேலே போனார். இத்தாலிக்காரராம். மேலே போனவர் என்னுடைய தூபக்கால் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது எல்லோருடைய கண்ணும் என் மேல் இருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. லிப்றில் எனக்குப் பயந்து படியால் நடந்த அந்த வெள்ளைக்காரரும் அங்கேதான் நின்றார், அவர் பயந்தது சரிதான் என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

அப்போது ஒரு குள்ளமான பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மாதாவுக்கு முன்னால் அந்த ஈரத் தரையில் முழந்தாளிட்டு அழத் தொடங்கினார். சத்தமில்லாமல் அழுதார், தோள் மட்டும் குலுங்கியது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள், இங்கே அதுதான் மரியாதை. றோஸ்மேரிக்கு அந்த மரியாதை தெரியாது. அவளும் போய்ப் பக்கத்தில் தரையில் குந்தி, அந்தப் பிள்ளையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். றோஸ்மேரியின் இங்கிலீஸ் எவ்வளவு என்று தங்களுக்குத் தெரியும். முதுகைத் தடவினாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கப் போன என்னிடம், "பேசாமப் போங்கோ. அழட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

பிலிப்பைன்காரி. எங்களுக்கு அடுத்த வீடு, சுவருக்கு அந்தப் பக்கம். வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. தாய் ஊரில் இறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது, இவரால் போக முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தனியாகச் சொல்கிற செபமாலை சுவரால் கேட்கும்போதெல்லாம், பாஷை விளங்காவிட்டாலும் மரியே மரியே என்கிறது விளங்கும், தானும் அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம். அவருடைய பெயரை எழுதக் கூச்சமாக இருக்கிறது. லூஸ். மேலே ஏறி வரும்போது றோஸ்மேரி என் காதுக்குள், பாவம், மற்றவர்கள் அப்படிப் பட்டம் வைத்துக் கூப்பிடுகிறார்கள் போல, இதுவும் அதையே பெயரென்று சொல்லுகிறது என்றாள். பிறகு ஸ்டெபனிதான் அது அவர்கள் பாஷையில் வெளிச்சம் என்று விளங்கப்படுத்தினாள்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. அடுத்த நாள் பின்னேரம் லூஸ் ஒரு தட்டு நிறைய அரிசிமா நூடில்ஸோடு கதவைத் தட்டினார். போன் பண்ணவில்லை, கேட்கவில்லை, நேரே வந்து தட்டினார். மாதாவுக்கு முன்னால் அவர் தன் பாஷையில் சொல்ல, றோஸ்மேரி தமிழில் மறுமொழி சொல்ல, எங்கே அவர் முடிக்கிறார், எங்கே இவள் தொடங்க வேண்டும் என்று மணியை உருட்டி உருட்டியே கண்டுபிடித்தார்கள். அதற்கடுத்த நாள் தில்லையம்பலம் என் இடுப்பு எப்படியிருக்கிறது என்று விசாரிக்க வந்தவர், செபமாலை முடியும்வரை மரியாதையாக இருந்துவிட்டு, "நீங்கள் உங்கட ஆளுக்குச் சொல்லிப்போட்டியள், நான் என்ர ஆளுக்கு ஒண்டு சொல்லுறன்," என்று கண்ணை மூடி ஒரு தேவாரம் பாடினார். நல்ல சாரீரம். லூஸ் தன்னோடு வேலை செய்கிற இரண்டு பெண்களை அழைத்து வந்தார். அந்த லிப்ற் வெள்ளைக்காரர்கூட ஒருநாள் வந்தார், புகை மணம் வருகிறதா என்று பார்க்கத்தான் வந்தார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார், இப்போது தேத்தண்ணிக்கு வருகிறார். றிச்சர்ட்டின் மேலதிகாரி தாயாருக்குச் சுகமில்லை என்று மாதாவிடம் சொல்லச் சொன்னாராம், அதற்காக றிச்சர்ட் உடுப்பறையை விட்டு வந்து மறுபடியும் மாதாவுக்கு முன்னாலேயே வேலை செய்கிறார்.

நீயே சொல்லு தம்பி, ஒரு மனுசன் வாழ்கிற வீடா இது? பின்னேரம் என்றால் எனக்கென்று ஒரு கதிரை இல்லை. தேயிலை வாங்கி வைக்க வைக்க முடிகிறது. தமிழ்ச் செய்தி கேட்க ரேடியோவைத் தட்டினால் எட்டுப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். றோஸ்மேரியைப் பிடிக்கவே முடியவில்லை. லூஸோடு பஸ் ஏறி மீன் வாங்கப் போகிறாள், நண்டுக்கறி பழக்குகிறாள், பனி கரைந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஏரிக்கரையில் நடக்கிறார்கள். குசினிக்குள் நின்று சிரிக்கிறார்கள், எந்தப் பாஷையில் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள். போன கிழமை, அவ்வளவு காலம் யன்னலடியில் இருந்த மனுசிக்கு ஊருக்குத் திரும்பிப் போய்விட ஆசையாய் இருக்கும் என்று நினைத்து, "போவமே?" என்று கேட்டேன். அவள் நண்டு உடைத்துக்கொண்டே, "நீங்கள் போறதெண்டாப் போட்டு வாங்கோ. எனக்கு வியாழக்கிழமை லூஸோட கண் டொக்ரரிட்டப் போகவேணும்," என்கிறாள். இதற்குமேல் நான் என்ன எழுத?

ஆகவே சுவாமி, தாங்கள் தயவுசெய்து அந்தச் சுவாமிக்கு எழுதி, மாதாவை முறைப்படி அடுத்த வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். மாதா போனால் கூட்டம் போகும், கூட்டம் போனால் எனக்குப் பழையபடி அமைதி கிடைக்கும். ஒரு கிழமைக்கென்று வந்தவர் மாதக்கணக்காக நிற்பது வீட்டுக்காரருக்கும் நல்லதல்ல, வந்தவருக்கும் நல்லதல்ல.

தாங்கள் குருவானவர் என்ற முறையில் எங்கள் எல்லோரையும் ஆசீர்வதிக்கவும். நான் மூத்தவன் என்ற முறையில் உன்னை ஆசீர்வதிக்கிறேன். யாருடையது முதலில் போய்ச் சேர்கிறதோ அது மற்றவருக்குப் பலிக்கட்டும். இருமலுக்கு மருந்தைக் குடி, பிரசங்கத்தைச் சுருக்கு, கறுப்பு அங்கியோடு மோட்டார்சைக்கிள் ஓடாதே. அங்குள்ள எங்கள் உறவுகள் யாவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள அண்ணன்,
அமிர்தநாதர்

பி.கு.: வெள்ளிக்கிழமை மத்தியானம். கடிதத்தை ஒட்டிவிட்டேன், திரும்பப் பிரித்து எழுதுகிறேன். சற்று முன்னர் விக்ரோறியா அன்ரியும் மனுவேற்பிள்ளை வாத்தியாரும் ஒரே வாகனத்தில், ஒன்றாக, சிரித்துக்கொண்டு வந்தார்கள். வைகாசி மாதாவின் மாதம் வருகிறதாம், சுருபம் இல்லாமல் சுற்றுப்பிரகார ஊர்வலம் எப்படி என்று இரண்டு பக்கமும் சமாதானமாகிவிட்டார்களாம். மாதாவைச் சுற்றிக் கொண்டுபோகக் கம்பளியும் கொண்டுவந்திருந்தார்கள். றோஸ்மேரி குசினியை விட்டு வெளியே வரவில்லை. லூஸ் மேசைக்குப் பக்கத்தில் கையில் செபமாலையோடு நின்றார். தாராளமாகக் கொண்டுபோங்கோ என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். "வெளியில குளிர், சுருபம் வெடிச்சுப்போம்," என்று சொன்னேன். பனி போய்விட்டதே தம்பி என்றார் வாத்தியார். அப்படியென்றால் வெயில் வரப்போகிறது, வெயிலில் போர்வையின் நீலம் போய்விடும் என்றேன். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு, சுவாமியிடம் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று போயிருக்கிறார்கள். ஆகவே மேலே எழுதிய எதையும் நீ படிக்கவில்லை. அந்தச் சுவாமிக்கு உடனே எழுது, இன்றைக்கே எழுது, வாட்சப்பில் எழுதினாலும் பரவாயில்லை. கனடாவில் ஒரு மாதா சுருபத்தை இடம் மாற்றுவதற்கு உகந்த பருவம் எது என்று நீ நன்றாக ஆராய்ந்து பார்த்ததாகவும், அப்படியொரு பருவம் இந்த நாட்டில் இல்லையென்றும் எழுதினால் போதும்.